இடது பக்கக் கம்பி

காற்றடைக்கும் படகை உச்சி வெயிலில் இறுக ஊதி வைக்கக் கூடாது. வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. காலைக் குளிர்ச்சியில் கல் மாதிரி ஊதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வெயில் ஏற ஏற உள்ளே காற்று பெருத்து, பொருத்து வாய் பிளந்துவிடும். கொஞ்சம் தொய்வாக விட்டு வைத்து, தண்ணீரில் இறக்குவதற்குச் சற்று முன்னால்தான் மிச்சத்தை ஏற்ற வேண்டும். நான் அப்படித்தான் செய்வேன்.

நேற்று உங்கள் ஆள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. படகின் இடது மிதவையில் போட்டிருந்த ஒட்டு பிய்ந்ததற்குக் கவனக்குறைவான வேலைதான் காரணம் என்றார். இன்ஸ்பெக்டர் மேடம், நான் தார்ப்பாய்ப் பட்டறையில் வேலை பார்க்கிறவள். லாரிக்குப் போடுகிற பாய், கடை வாசல் கூரைத் துணி, நீச்சல் குளத்து மூடி எல்லாம் என் கையில் வந்து போயிருக்கின்றன. ஒட்டு பிய்ந்துவிட்டது என்று ஒருவரும் இதுவரை திருப்பிக் கொண்டுவந்ததில்லை. கவனக்குறைவு என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டால் நான் இப்போதே வீட்டுக்குப் போகலாம். அது எனக்கும் தெரியும். ஆனால் அது உண்மை இல்லை. டீயைக் குடியுங்கள், ஆறிப்போகிறது. நான் ஒன்றும் அவசரத்தில் இல்லை.

எனக்கு ஒரே தங்கை. குட்டி என்றுதான் கூப்பிடுவேன். முப்பது தாண்டியும் அதே பெயர்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கத் தடுமாறுகிற வயதில் இருந்தாள். நான் ஏற்கெனவே பட்டறையில் சேர்ந்திருந்தேன். அவளுக்கு வலிப்பு உண்டு. சொல்லிக்கொண்டு வராது. சோறு பிசைந்துகொண்டிருப்பாள், கை நின்றுவிடும், கண் மேலே போய்விடும். நான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையை மடியில் தாங்கிக்கொள்வேன். முடிந்ததும் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். விரலை உருவினால் விழித்துக்கொள்வாள் என்பதால் நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கால் மரத்துப்போகும். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

அவளைத் தண்ணீர்ப் பக்கம் விட்டதில்லை. மாடிப்படியில் தனியாக ஏற விட்டதில்லை. அடுப்பு, சைக்கிள் எதுவும் கிடையாது. பெண் பார்க்க வருகிறேன் என்று சொன்னவர்களிடம் நானே விஷயத்தைச் சொல்லிவிடுவேன். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் பிற்பாடு அவளுக்குத்தானே கஷ்டம். அப்புறம் அவர்கள் வரமாட்டார்கள்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுபோனபோது நானும் குட்டியும் உள்ளே இருந்தோம். இருட்டில் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. கதவை நெம்பித் திறந்து இறங்கி வந்தவர் அவர்தான். பதறவில்லை, கூட்டம் கூட்டவில்லை. தன் சட்டையைக் கழற்றி மடித்து அவள் தலைக்கடியில் வைத்தார். என்னைப் பார்த்து, "ஒண்ணும் ஆகாதுக்கா, மூச்சு நல்லா இருக்கு," என்றார். என் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் நல்லவர். அதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். கல்யாணம் ஆனதும் என்னையும் வந்து இருக்கச் சொன்னார். வீட்டின் பின் அறையில் கட்டில் போட்டு, என் உயரத்துக்கு அலமாரி அடித்து வைத்திருந்தார். நான்தான் போகவில்லை. விருந்தாளி மாதிரி என் தங்கை எனக்குத் தட்டு எடுத்து வைப்பதைப் பார்க்க எனக்கு ஒப்பவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு குட்டிக்கு வலிப்பு நின்றுவிட்டது. முதலில் ஒரு மாதம் தள்ளிப்போனது, அப்புறம் வரவே இல்லை. கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தலைமுடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டாள். சைக்கிள் கற்றுக்கொண்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்து, பரிசு வாங்கியவள் மாதிரி காயத்தைக் காட்டினாள். தினமும் போன் பண்ணிக்கொண்டிருந்தவள் வாரத்துக்கு ஒரு தடவை பண்ணினாள். பேசும்போது பின்னால் அவர் ஏதோ சொல்வார், அவள் எனக்குச் சொல்ல வேண்டிய பதிலை விட்டுவிட்டு அவருக்குச் சிரிப்பாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

படகு அதற்குப் பிறகு வந்தது. அவர் லிஃப்ட் பார்க்கிற அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில், வீட்டைக் காலி செய்த யாரோ விட்டுப்போன இரண்டு நீளப் பைகள் கிடந்தன. காவலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் பாய்மரப் படகு. இரண்டு மிதவை, அலுமினியச் சட்டம், நடுவில் உட்கார வலை, துண்டு துண்டாகச் செருகுகிற பாய்மரம், பாய், சுக்கான் எல்லாம் அந்த இரண்டு பைக்குள் அடக்கம். அதை என் பட்டறை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரே சிரிப்பு. "பாத்தீங்களாக்கா, கட்டும் இல்ல, மரமும் இல்ல, இங்கிலீஷ்ல பேரு மட்டும் கட்டுமரமாம்." பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குட்டியைத் தண்ணீரில் கூட்டிக்கொண்டு போகத்தான் அது. பிறந்ததிலிருந்து வாளித் தண்ணீரைத் தாண்டி அவள் எதையும் பார்த்ததில்லையாம். அப்படித்தான் சொன்னார். குறை சொல்கிற மாதிரி இல்லாமல், பாவம் என்கிற மாதிரி சொன்னார்.

படகைப் பூட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மிதவைகளைச் சமமான இடத்தில் இணையாக விரித்துப் பாதிக் காற்று ஏற்ற வேண்டும். பிறகு குறுக்குச் சட்டங்களைச் செருகி மிதவையோடு பட்டை போட்டு இறுக்க வேண்டும். அப்புறம் வலையை நான்கு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். கை வைத்து அழுத்தினால் மேளம் மாதிரி இருக்க வேண்டும், தொய்ந்தால் சட்டம் கோணிக்கொள்ளும். பாய்மரத்தை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தூக்க வேண்டும். நிமிர்ந்த மரத்தை மூன்று கம்பிகள் பிடித்துக்கொண்டு நிற்கும். முன்னால் ஒன்று, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. ஒவ்வொரு கம்பியின் நுனியும் சட்டத்தில் செருகுகிற ஒரு சின்ன முளையில் மாட்டும். முளை நழுவாமல் இருக்க அதன் துளையில் ஒரு வளையம் கோக்க வேண்டும். சாவிக்கொத்து வளையம் மாதிரிதான் இருக்கும், அதைவிடச் சின்னது. நகத்தால் பிரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். நகம் நோகும். கடைசியில்தான் பாயும் சுக்கானும்.

அவருக்குத் தொழில் புத்தி. எதையும் இரண்டு தடவை பார்ப்பார். வலது பக்கமும் முன்பக்கமும் அவர் மாட்டுவார். இடது பக்கம் என்னுடையது. முதல் தடவை நான் மாட்டியதையும் குனிந்து பார்த்தார். அடுத்த தடவை பார்க்கவில்லை. "உங்க பக்கத்த நான் பாக்கணுமாக்கா? எங்க கம்பெனியில உங்கள மாதிரி ஒரு ஆள் இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்," என்றார். நானும் அவரும் மட்டும் இரண்டு முறை நீர்த்தேக்கத்துக்குப் போய்ப் பழகினோம். அவர் ஓட்டுவார், நான் வலையில் உட்கார்ந்து பாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கம்பிதான் மொத்தப் பாரத்தையும் இழுத்துப் பிடிக்கும். மற்ற பக்கத்துக் கம்பி தொளதொளவென்று ஆடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் அவர்தான் எனக்குக் கைகாட்டிக் கைகாட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாம் முறை போய் வந்தபோது கரைக் கல் உரசி இடது மிதவையில் கிழிசல் விழுந்தது. பழுது பார்க்க அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்கு வந்தார். நான் மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்த மடிப்பு முடிகிறவரை கதவோரம் நின்றார். பிறகு, "அக்கா, செத்த வெளிய வர்றீங்களா?" என்றார். நிறுத்தியிருந்த ஒரு லாரியின் நிழலில் நின்று பேசினோம்.

"புது டாக்டர் அவளோட பழைய கதையெல்லாம் கேட்டார்க்கா. அக்கா மாத்திரைய உடைச்சுப் பாதிதான் குடுப்பாங்கன்னு குட்டி சொன்னா. ஆனா முழுசாக் குடுக்கணும்னுதான் அப்பவே எழுதியிருக்காங்க."

"ஆமா," என்றேன்.

"அதனாலதான் அத்தன வருஷம் நிக்காம வந்திருக்குங்கறார்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீங்க தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டீங்க. தூக்கமா வருதுன்னு அவ அழுதிருப்பா, நீங்க மனசு கேக்காமக் குறைச்சிருப்பீங்க. டாக்டர் சொன்னத அவகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். என்னக்கா?"

நான் சரி என்றேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு, ஒட்டு எப்போது காயும், குட்டியை எப்போது கூட்டிப்போகலாம் என்று கேட்டார். அடுத்த விடுமுறை நாளைக்குத் தயாராகிவிடும் என்றேன். சந்தோஷமாகப் போனார்.

மாத்திரை விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். முழு மாத்திரை போட்டால் அவள் மந்தமாகிவிடுவாள் என்று ஆரம்பத்தில் குறைத்தது நிஜம். பிற்பாடு உடம்பு பழகிவிட்டது, மந்தம் இல்லை. ஆனாலும் பாதியே தொடர்ந்தேன். பாதி போட்டால் எப்போதாவது வரும். வந்தால் என்ன, நான்தான் பக்கத்தில் இருக்கிறேனே. சில வாரங்களில் கால்வாசி கொடுத்ததும் உண்டு. அவள் தோழிகளோடு வெளியூர் கிளம்ப இருந்த வாரம். வேலைக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்த வாரம். வெளியே போய் யார் முன்னாலோ விழுவதைவிட வீட்டில் என் மடியில் விழுவது நல்லதில்லையா. இதைக் கொடுமை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் நீங்கள் இருந்ததில்லை.

அவர் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று நான் பயந்ததாக நீங்கள் நினைப்பீர்கள். பயப்படவில்லை. சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டார். எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே சொன்ன சொல் தவறாதவர் அவர். நான் கேட்காமலே என்னை மன்னித்துவிட்டு, மிச்ச நேரத்தில் சாப்பிடப் போனார். அதற்குப் பிறகு எனக்குள் கோபமோ துக்கமோ எதுவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் நம்முடையது மாதிரியே இருக்காதல்லவா, அப்படி இருந்தது. மெஷினில் உட்கார்ந்தேன். அன்றைய வேலையை அன்றைக்கே முடித்தேன்.

இப்போது ஒட்டைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பசை இரண்டு டப்பாவாக வரும். ஒன்று பசை, இன்னொன்று அதைக் கெட்டியாக்குகிற மருந்து. இரண்டையும் கலந்து போட்டால் துணி கிழிந்தாலும் ஒட்டு கிழியாது. மருந்து கலக்காமல் போட்டாலும் பார்வைக்கு அப்படியே இருக்கும், காற்றும் நிற்கும். தண்ணீரில் ஊறி, இழுபட்டு, மடங்கும்போதுதான் ஓரத்திலிருந்து இளகி வரும். நான் மருந்து கலக்கவில்லை. மற்றபடி வேலை சுத்தம். ஓரத்தை வட்டமாக வெட்டி, மேற்பரப்பைத் தேய்த்து, உருளை போட்டு அழுத்தித்தான் ஒட்டினேன். உங்கள் ஆளிடம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

படகில் போகும்போது அவர் போடுகிற லைஃப் ஜாக்கெட், அந்த மிதவைச் சட்டை, மெலிசானது. கழுத்தில் மாட்டிக்கொண்டு, தேவைப்படும்போது கயிற்றை இழுத்தால் உள்ளே இருக்கிற சின்ன வாயுக் குப்பி திறந்து ஊதிக்கொள்ளும். பைகளோடு அதுவும் என்னிடம்தான் இருந்தது. பட்டறையின் பின்பக்கம் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். நன்றாகவே ஊதியது. காற்றை வெளியேற்றி, மடித்து, காலிக் குப்பியையே திரும்ப மாட்டி வைத்தேன்.

அவருடைய விடுமுறை வாரத்தின் நடுவில் வரும். அன்றைக்கு நீர்த்தேக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒட்டு போட்ட பிறகு முதலில் தான் மட்டும் ஒரு சுற்றுப் போய்வந்துவிட்டு அப்புறம்தான் குட்டியை ஏற்றுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். பழுது பார்த்த லிஃப்டிலும் முதலில் அவர் மட்டும்தான் போவாராம். அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நான் எதையும் செய்திருக்கமாட்டேன். குட்டிக்கு ஒரு கீறல் விழ நான் சம்மதிப்பேனா. அவளுக்குக் கடையில் அரைநாள் வேலை, முடித்துவிட்டுச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

வரிசை பிசகாமல் பூட்டினோம். சட்டம், வலை, பாய்மரம். காற்று வலப்பக்கமிருந்து சீராக வீசிக்கொண்டிருந்தது. இடது கம்பியை முளையில் மாட்டினேன். வளையத்தைக் கோக்கவில்லை. கையிலேயே வைத்திருந்து, பிறகு மணலில் போட்டேன். போகும்போது ஒன்றும் ஆகாது. வலது கம்பி பாரத்தைத் தாங்கும், இடது கம்பி தொய்ந்து ஆடும், ஆடி ஆடி முளை கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். திரும்பும்போது காற்று இடப்பக்கம் வந்துவிடும். அப்போதுதான் அந்தக் கம்பிக்கு வேலை.

அவர் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்தார். நனையக் கூடாது என்று போனை என்னிடம் கொடுத்தார். "குட்டி வந்தா ஒக்கார வைங்கக்கா, தண்ணியில கால வச்சிரப் போறா," என்று சொல்லிவிட்டுத் தள்ளினார். நான் இடுப்பளவு தண்ணீர் வரை கூடவே நடந்து தள்ளிவிட்டேன். படகு அழகாகப் போனது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நடுவில் போய்த் திருப்பினார். பாய் மறுபக்கம் புரண்டது. மரம் சத்தமில்லாமல் சாய்ந்தது, அவர் தோளில் பட்டது. பாய் தண்ணீரில் விரிந்து ஊறிக்கொண்டது. அவர் எழுந்து கம்பியைத் தேடினார். கொஞ்ச நேரத்தில் இடது மிதவை வாடத் தொடங்கியது, வலை சரிந்தது, அவர் தண்ணீரில் விழுந்து வலது மிதவையைப் பிடித்துக்கொண்டார். அது நன்றாகத்தான் மிதந்தது. அதில் நான் கை வைக்கவில்லை.

நான் கரையில் இருந்த சாமான்களை எடுத்து வைத்தேன். பம்பின் குழாயில் தங்கியிருந்த காற்றை வெளியேற்றி, சுற்றி, அதன் உறையில் போட்டேன். பைகளின் மணலை உதறி மடித்தேன். கூடுதல் கயிறுகளைச் சுருட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது மிதவை தூரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

குட்டி வந்தபோது ஜமக்காளம் விரித்து நிழலில் உட்கார்ந்திருந்தேன். பஸ் நின்ற இடத்திலிருந்து ஓடியே வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"அவர் எங்கக்கா? படகக் காணோம்?"

"அந்த வளைவு தாண்டிப் போயிருக்கார். வருவார். நீ ஒக்காரு."

"போன் எடுக்கவே இல்ல."

"எங்கிட்டதான் இருக்கு. நீ சாப்பிடு மொதல்ல. மாத்திரை போடணும்ல, வெறும் வயித்துல இருக்கக் கூடாது."

அவருக்காகக் காத்திருக்கிறேன் என்றாள். நான் டப்பாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். முழுதும் சாப்பிட்டாள். பிறகுதான் அவருடைய செருப்பைப் பார்த்தாள். எழுந்து கரையோரமாக ஓட ஆரம்பித்தாள், யாரையெல்லாமோ கூப்பிட்டாள், போன் பண்ணியதும் அவள்தான். உங்கள் ஆட்கள் வந்தார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அவளுக்கு அன்று வலிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உங்கள் ஆட்கள் அவரைக் கரையில் கிடத்தியபோதும் வரவில்லை. நான் கையை நீட்டினேன், அவள் பிடித்துக்கொள்ளவில்லை. அவருடைய செருப்பை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள்.

நேற்று முன்தினம் என்னைப் பார்க்க இங்கே வந்திருந்தாள். உட்காரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவர் கூப்பிட்டாராக்கா?" காற்றில் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் திரும்பி நடந்துவிட்டாள். அந்தப் பதில் சரியில்லை என்று எனக்கே பட்டது. எல்லாவற்றையும் சொல்வதென்று ஆன பிறகு அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூப்பிட்டார். மிதவையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, போன் பண்ணுங்க," என்று கத்தினார். மிதவைச் சட்டையின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கத்தினார். அவருக்குக் கொஞ்சம் நீச்சல் தெரியும். தெம்பு இருந்தபோதே விட்டுவிட்டு நீந்தியிருந்தால் கரைக்கு வந்திருக்கலாம், வரத்தான் பார்த்தார். மிதவையிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டார். அப்போது நான் போனை உயரத் தூக்கிக் காட்டி, காதில் வைத்து, அங்கேயே இருங்கள் என்று கையால் சைகை செய்தேன். அவர் புரிந்துகொண்டார். தலையை ஆட்டினார். மறுபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கத்தவில்லை, என்னைப் பார்த்தபடியே இருந்தார். யாருக்கும் நான் போன் பண்ணவில்லை.

இதை நீங்களே குட்டியிடம் சொல்லிவிடுங்கள். கடைசி வரைக்கும் அவர் பயமில்லாமல் இருந்தார், அந்த அளவுக்கு அக்கா பார்த்துக்கொண்டாள் என்று தெரிந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.